புறாவுக்குப் பித்தப்பை கிடையாது

முதல் புறாவைச் சுட்ட துப்பாக்கி ரவை இடது சிறகுக்கு அடியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பெருவிரலால் தடவிக்கொண்டே போன வெள்ளத்தாய், தோலுக்குக் கீழே மிளகு மாதிரி ஒன்று நழுவியதும் நிறுத்தி, அரிவாள்மனை நுனியில் லேசாகக் கீறி, பிதுக்கி எடுத்து, பக்கத்தில் மல்லாத்தி வைத்திருந்த தகர மூடியில் போட்டாள். டங்கென்று விழுந்தது. வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு மருமகனோடு உட்கார்ந்திருந்த கொம்பையா, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "ஒண்ணு" என்று குரல் கொடுத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இது முப்பது வருஷத்து வழக்கம். கல்யாணமான புதிதில் கொம்பையாவின் பெரியப்பா மகன் ஒருத்தர் புறாக்கறி தின்னும்போது ரவையைக் கடித்து முன்பல்லைப் பாதியாக்கிக்கொண்டார். அந்தப் பல்லோடுதான் அவர் பெண் பார்க்கப் போனார். இரண்டு இடம் தட்டிப்போனதற்கு வெள்ளத்தாயின் சமையல்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்றிலிருந்து எத்தனை புறாவோ அத்தனை ரவை மூடியில் விழுந்தாக வேண்டும். எண்ணிக்கை சேர்ந்தால்தான் சட்டி அடுப்பில் ஏறும். ரவை ஊடுருவி வெளியே போயிருந்தால், "இது போயிருச்சு" என்று அவள் சொல்ல வேண்டும். அப்போதும் ஓட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பார். மனுஷனுக்குப் பல் போனதைப் பற்றிக் கவலை இல்லை, தான் சுட்டது எங்கே பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஐந்து புறா. நாலு மாசமாக வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தவர், இன்றைக்கு ஐந்து ரவைக்கு ஐந்து புறா என்று பையை அவள் முன்னால் கவிழ்த்தபோது, முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற முகம் மாதிரியே இருந்தது. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

இரண்டாவது விறைத்துக் கிடந்தது. முதல் புறாவின் வயிற்றில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது, இது குளிர்ந்து குச்சி மாதிரி ஆகியிருந்தது. கண் ஓரத்தில் இரண்டு எறும்பு. பையில் அடியில் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எறும்பைத் தட்டிவிட்டாள். புறா இறகு கோழி இறகு மாதிரி அடம் பிடிக்காது, வெந்நீர்கூட வேண்டாம், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வந்து, மூக்கில் ஏறும், சேலையில் ஒட்டும், சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நெஞ்சைத் தடவினாள். ஒன்றும் இல்லை. கழுத்து, சிறகின் மடிப்பு, தொடை, முதுகு. அவருக்குக் கழுத்துதான் குறி. அந்தக் காலத்தில் நெஞ்சில் பட்டால்கூட இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், கறி வீணாகிப் போச்சு என்று. அந்தக் காலத்தில் என்று நினைத்ததும் நினைப்பு அங்கேயே சிக்கிக்கொண்டது. இந்தக் காலத்துக்கு என்ன வந்தது? ஐந்துக்கு ஐந்து. முன்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "கம்மாக்கரை வாகை மரம் மாப்ள. ஒரே மரம். ஒண்ணு பின்னால ஒண்ணா, பொத்து பொத்துன்னு." மருமகன் செண்பகராஜ் ம், ம் என்று கொட்டினான். சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிற பிள்ளை, மரியாதை தெரிந்தவன்தான், ஆனால் நேற்று ராத்திரி சாப்பிடும்போது வாயை விட்டுவிட்டான். மகள் மாரிக்கனிக்கு இது நாலாவது மாசம், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாம் என்றவள் நேற்றுத்தான் முதல் தடவையாக வாய் திறந்து, "அப்பா சுடுற புறா இருந்தா ரெண்டு வாய் தின்பேன்" என்றாள். அதற்கு இவன், "மாமாவுக்கு இனிமே எங்க குறி தெரியப்போகுது, நான் காலைல கோழி வாங்கிட்டு வந்திர்றேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். கொம்பையாவும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டார், சோறு பாதி அப்படியே இருந்தது. கோழி என்ற சொல் இந்த வீட்டில் அதற்கு முன்னால் இவ்வளவு பெரிய வசவாக இருந்ததில்லை.

"என்ன, ரெண்டக் காணும்?" என்றார் முன்னாலிருந்து. "தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்தாள், இரண்டாவதில் கிடைக்காதது மூன்றாவதில் கிடைத்துவிடும் என்பதுபோல. அதுவும் விறைப்பு. அதன் தோல் முழுக்கச் சுத்தமாக, குளிப்பாட்டிய பிள்ளை முதுகு மாதிரி இருந்தது. ஓட்டை இல்லை, ரத்தக்கட்டு இல்லை. நாலாவதைப் பிடுங்கினாள், ஐந்தாவதைப் பிடுங்கினாள், அவற்றிலும் ஒன்றும் இல்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, மனசு வாகை மரத்தடியில் போய் நின்றுகொண்டது. ஒரு வெடிச் சத்தத்துக்கு மரத்தில் ஒரு புறா தங்குமா? படபடவென்று அத்தனையும் போய்விடும், திரும்பி வர ஒரு நாழிகை ஆகும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரே மரத்தில் ஐந்து, அதுவும் ஒன்று பின்னால் ஒன்றாக. இது அவருக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருக்காது. சுட்டார், மரத்தடிக்குப் போனார், புறா கிடந்தது, எடுத்துக்கொண்டார். மறுபடி சுட்டார், மறுபடி போனார், மறுபடி கிடந்தது. கிடந்த புறா எப்போதிலிருந்து கிடந்தது என்று பார்க்கக் கண் வேண்டும். கண். இதை அவள் ரொம்ப நாளாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், கிட்டப் போகாமல். டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் தண்ணீர் ஊற்றினார், கை தவறிவிட்டது என்றார். சரி, கை தவறியது. பக்கத்து வீட்டுக்காரியை அவள் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு பேரும் ஒரே சாயல்தானே என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். பஸ் வந்தால் போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிறவரிடம், இது எங்கே போகுது என்று கேட்கிறார், எழுத்து சின்னதாகப் போட்டிருக்கிறான் என்கிறார். கண்ணாஸ்பத்திரி என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, வேணும்னா நீ போயிட்டு வா" என்று எழுந்து போய்விட்டார். போன மாசம் புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ சாம்பலாக அசைந்ததாம், பெரிய புறா என்று குறி வைத்தாராம், புறா இருமியதாம். பார்த்தால் ஆடு மேய்க்கிறவர் தலைப்பாகை. அதை வீட்டில் வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த ஆள் இருமாமல் இருந்திருந்தால் என்று ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது, தோன்றியதும் புரண்டு படுத்துக்கொண்டாள். பயத்துக்கு முதுகைக் காட்டிப் படுப்பதில் வெள்ளத்தாய் கெட்டிக்காரி, முப்பது வருஷப் பழக்கம்.

சரி, ஓட்டை இல்லாமலும் புறா சாகும், மூப்பில் சாகும், கரண்டுக் கம்பியில் அடிபட்டுச் சாகும். நாலு புறா ஒரே நாளில் ஒரே மரத்தடியில் மூப்பில் சாகுமா? மூன்றாவது புறாவின் கழுத்தடியில் தீனிப்பை புடைத்துக்கொண்டிருந்தது, விரலை வைத்தால் உள்ளே மணி மணியாக உருண்டது. வயிற்றைக் கிழிப்பதற்கு முன்னால் அதைக் கிழித்தாள். பக்குவமாகத்தான் கிழித்தாள், அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் உள்ளே இருப்பது மாறிவிடும் என்று நினைத்தவள் மாதிரி. சோளம். ரோஸ் நிறச் சோளம். அரிவாள்மனைப் பலகையில் ஏழெட்டு மணி உருண்டு வந்து நின்றது, நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் ரோஸ் ரோஸ்தான். அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் அதே நிறம். வியாழக்கிழமை ஓடைக்கரைப் புஞ்சையில் ஊன்றியது அவள்தான், அவளோடு இன்னும் ஆறு பெண்கள், கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு. கடையில் வரும்போதே சாயமும் மருந்தும் ஏற்றி வந்த விதை. அது போதாதென்று, மயில் கிண்டிவிடுகிறது, புறா பொறுக்கிவிடுகிறது என்று புஞ்சைக்காரர் இன்னொரு மருந்தையும் அதில் போட்டுப் புரட்டினார், காட்டமான நெடி. "யாரும் வாயில கைய வச்சிராதீங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தூக்குச்சட்டியத் தெறக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார். அவள் உறை பத்து மணிக்கே கிழிந்துவிட்டது. போன வருஷம் அந்தப் புஞ்சையில் செத்த மயிலைக் கடித்த நாய் ஓடை வரைக்கும்தான் வந்தது. மற்ற மூன்றின் தீனிப்பையையும் கிழித்தாள், ரோஸ். கடைசியாக முதல் புறாவினுடையதையும் கிழித்தாள். அதிலும் ரோஸ். அப்படியானால் இது மயங்கி உட்கார்ந்திருக்கிறது, பறக்கத் தெம்பில்லாமல், வெடிச் சத்தம் கேட்டும் அசையாமல். அதனால்தான் இதன் மேலாவது ரவை பட்டது. விதையைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்குக் கண்மாய்க்கு வந்து, குடிக்க முடியாமல் வாகை மரத்தில் ஏறி, அங்கிருந்து ஒவ்வொன்றாக விழுந்திருக்கின்றன. அவர் பொத்து பொத்து என்று சொன்னது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும்.

உள்ளே பாயில் படுத்திருந்த மாரிக்கனி, "ம்மா, இன்னும் தாளிக்கலையா? எனக்கு இப்பவே வாசன வருது" என்றாள். வாசனை எங்கிருந்து வரும், அம்மியில் மிளகும் சீரகமும் இப்போதுதான் பாதி நசுங்கிக் கிடக்கிறது, சின்ன வெங்காயம் உரித்தபடி இருக்கிறது, நல்லெண்ணெய் இன்னும் பாட்டிலில். பெற்ற பிள்ளை நாலு மாசம் கழித்துச் சாப்பாட்டுக்கு நாக்கைச் சப்புக் கொட்டுகிறது. இதைச் சட்டியில் போடக்கூடாது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறதைப் பற்றித்தான். போய்ச் சொன்னால் என்ன ஆகும்? ஏங்க, நீங்க சுட்டது ஒண்ணுதான், மத்ததெல்லாம் செத்துக் கிடந்தது. மருமகன் முன்னால். இல்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். தனியாகச் சொன்னால் மட்டும்? "வெள்ளத்தாயி, இன்னும் ரெண்டாவதையே தேடிக்கிட்டிருக்கியா? உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றார் அவர், மருமகன் சிரித்தான். அவள் கை தானாகப் போய் மூடியிலிருந்த ஒற்றை ரவையை எடுத்தது. ஓரம் சப்பிப்போன சின்ன ஈயத்துண்டு. ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாள். டங். "ரெண்டு" என்றார். மறுபடி எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி விட்டாள். "மூணு." நாலாவதுக்கு மனசு கூசியது, ஐந்தாவதுக்கு அதுவும் இல்லை. "அஞ்சு!" என்று கட்டிலில் கையால் தட்டினார். "பாத்தீங்களா மாப்ள. அஞ்சும் உள்ள இருந்திருக்கு. நாளைக்கும் போறேன். கௌதாரி கத்துது தெக்க, நாளைக்கு அத ஒரு கை பாப்போம்."

நாளைக்கும் போகிறார். அவள் மூடியைப் பார்த்தாள். டங் டங் என்று ஐந்து தடவை போட்டு அவர் கையில் துப்பாக்கியை மறுபடி எடுத்துக் கொடுத்தாயிற்று. நாளைக்குத் தெற்கே கௌதாரி கத்தும், புதரில் ஏதோ அசையும், சாம்பலாக, அது இருமுமா இருமாதா என்று யார் கண்டது? இதெல்லாம் நினைத்துக்கொண்டே ஐந்து புறாவையும் இறகோடும் தீனியோடும் உரச்சாக்கில் வாரிப் போட்டாள். குப்பையில் போட்டால் நாய் இழுக்கும், கூரையில் எறிந்தால் காக்கா. முருங்கை மரத்தடியில் கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினாள், நேற்றுப் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. குத்தும் சத்தம் முன்னால் கேட்டிருக்கும், கேட்டால் கேட்கட்டும். உள்ளே தள்ளி மூடி மேலே அம்மிக்கல்லைப் பக்கத்திலிருந்து நகர்த்தலாமா என்று பார்த்து, முடியாமல், உடைந்த ஆட்டுரல் துண்டை உருட்டி வைத்தாள். அரிவாள்மனையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். இப்போது என்ன சொல்வது? பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாம். ஐந்தையுமா? ஒரு பூனை ஐந்து புறாவைத் தூக்கினால் அது பூனையே இல்லை. கை தவறி மண்ணெண்ணெய் கொட்டிவிட்டது. வீட்டில் மண்ணெண்ணெய் ஏது, வாங்கியே இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான முதல் மாசத்தில், முதல் புறாவை மடியில் போட்டுக்கொண்டு, கோழிக்குப் பார்க்கிற மாதிரி ஈரலுக்குப் பக்கத்தில் பச்சைப் பையைத் தேடித் தேடிப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தாள். அது உடைந்தால் கறி முழுக்கக் கசக்கும், அவளுடைய அம்மா அதற்காகவே அவள் தலையில் எத்தனையோ தடவை குட்டியிருக்கிறாள். அவர் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தேடுற?" என்றார். "பித்து." "புறாவுக்குப் பித்து ஏது? சாமி அதுக்கு வைக்கல. அதான் அதுக்குக் கோவமே வராது. அதோடதையும் சேத்து உனக்கு வச்சிட்டாரு" என்றார். புதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது! ஆனால் அவளுக்கு அன்றைக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை அவரிடம் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டு ஓரமாக வந்து முன்னால் நின்றாள். கொம்பையா கட்டிலில் சம்மணம் போட்டிருந்தார், துப்பாக்கி மடியில் இருந்தது, எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேப்ப நிழலிலும் கண்ணை இடுக்கித்தான் பார்த்தார். சொல்ல வந்தது பூனையா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை, வாய் திறந்தபோது வந்தது வேறு.

"கறி போச்சுங்க. பித்த ஒடச்சிட்டேன். அஞ்சுலயும் பட்டிருச்சு, ஒரே கசப்பு. பொதச்சிட்டேன்."

"அய்யய்யோ, என்ன அத்த, இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றான் செண்பகராஜ். "மாமா காலைலேருந்து எவ்வளவு பாடு..."

கொம்பையா துடைத்துக்கொண்டிருந்த துணி குழலின் பாதியில் நின்றது. வெள்ளத்தாய்க்குச் சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருப்பார்கள், இந்த ஒரு மனுஷனிடம் தவிர. தெரியாமல் வந்ததா, தெரிந்தே வந்ததா? அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் துப்பாக்கியைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கி, அவளைத் தாண்டிப் பின்பக்கம் போனார். இரண்டு எட்டு பின்னால் அவளும் போனாள். முருங்கை மரத்தடியில் புது மண்ணைப் பார்த்தார், பார்த்தாரோ காலால் தடவினாரோ. பிறகு அம்மிக்குப் பக்கத்தில் குத்தவைத்துத் தகர மூடியை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு அதை விட்டுவிட்டு, விரலை உள்ளே விட்டுத் துழாவினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று, ஓரமாக. ஒற்றை ரவை தகரத்தில் உருண்டு அவர் விரலில் வந்து முட்டியது.

"புறாவுக்குப் பித்து ஏது?" என்றார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

"வெதச் சோளம்" என்றாள். "எல்லாத்து வயித்துலயும். ஓடக்கரப் புஞ்சையில நாங்க ஊனுனது."

"எல்லாத்துலயுமா?"

"ஆமா."

"இது எதுல இருந்துச்சு?"

"மொதப் புறாவுல. செறகுக்குக் கீழ."

"செறகுலயா" என்றார். கழுத்தில் இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்திலும் உறைத்தது. ரவையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாரிக்கனி உள்ளேயிருந்து, "ம்மா?" என்றாள். அவர் வாசல் பக்கம் திரும்பினார், அங்கே மகள் நிற்கிறாளா இல்லையா என்று தெரியாதவர் திரும்புகிற மாதிரி, கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து. அவள் தின்றிருப்பாள். இரண்டு வாய் தின்பேன் என்றவள் நாலு வாய் தின்றிருப்பாள். வெள்ளத்தாய் நினைத்ததை அவரும் நினைத்திருக்க வேண்டும், ரவை உருளுவது நின்றது. எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். அப்படி எழுந்து அவள் பார்த்ததில்லை. முன்பக்கம் போனார். கட்டிலிலிருந்த துப்பாக்கியை எடுத்து உள்ளே கொண்டுபோய், எப்போதும் தொங்குகிற ஆணியில் மாட்டாமல், பரணில் நெல் மூட்டைக்குப் பின்னால் சொருகினார். அவள் வெளியே நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

வெளியே வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்ள" என்றார், நல்ல உரத்த குரலில். "நேத்து நீங்க சொன்னீங்கள்ல, அந்தக் கோழிய வாங்கிட்டு வந்திருங்க. பிள்ள பசியோட கெடக்கு."

"இந்தா கெளம்பிட்டேன் மாமா."

"நாட்டுக்கோழியா பாருங்க. அப்புறம், போற வழியில பஸ் ஸ்டாண்டுல கேளுங்க, நாளைக்குக் காலைல கண்ணாஸ்பத்திரிக்கு மொத வண்டி எத்தன மணிக்குன்னு." வெள்ளத்தாய் நிற்கிற பக்கம் கையைக் காட்டினார். "பித்து எது, ஈரல் எதுன்னு தெரியாம அறுத்து வச்சிருக்கா. இவளுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல மாப்ள, காட்டணும். தனியா போகமாட்டா, நானும் கூடப் போறேன். போனதுக்கு எனக்கும் ஒரு தடவ பாத்துட்டு வந்திருவோம்."

செண்பகராஜ் அத்தையைப் பார்த்தான். வெள்ளத்தாய் நகக்கண்ணிலிருந்த ரோஸைச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டே, "ஆமா தம்பி" என்றாள், "எனக்கு ஒரு வருஷமாவே தெரியல."